சென்னை – லண்டன்: வான்வழித் தொலைவும் உண்மையான பயண நேரமும்

கேள்வி: கெடிலக்கரை

அனைவருக்கும் வணக்கம். என் அம்மா வரும் பிப்ரவரி மாதம் சென்னையிலிருந்து லண்டனுக்கு, ஈஸ்ட் ஹாமில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்கு, முதன்முறையாகத் தனியாகச் செல்கிறார். ஏப்ரல் 20-ஆம் தேதி அங்கிருந்து திரும்புகிறார். இரண்டு பயணங்களுக்கும் நேரடி விமானத்தில் இடம் பதிவு செய்துவிட்டோம். அம்மாவுக்கு வயது 67. சர்க்கரை நோய்க்காக உணவுக்கு முன் மாத்திரையும், இரவு பத்து மணிக்கு நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினும் எடுத்துக்கொள்கிறார். பயணத்தைப் பற்றிச் சொன்னபோது, மொத்தம் எத்தனை மணி நேரம் ஆகும், எப்போது ஏறி எப்போது இறங்குவார் என்று எழுதிக்கொண்டு வரும்படி எங்கள் மருத்துவர் கேட்டார். எழுத உட்கார்ந்தால் எதுவும் ஒத்துப்போகவில்லை.

தொலைவு என்று தேடினால் ஓரிடத்தில் 8,230 என்றும், இன்னோரிடத்தில் 5,114 என்றும், மற்றோரிடத்தில் 4,444 என்றும் காட்டுகிறது. பயணச்சீட்டில் சென்னையில் காலை 5.30-க்குப் புறப்பாடு, லண்டனில் காலை 11.00-க்கு வருகை என்று இருக்கிறது. அதாவது ஐந்தரை மணி நேரம். திரும்பும் பயணத்தில் பிற்பகல் 1.00-க்குப் புறப்பாடு, மறுநாள் அதிகாலை 3.30-க்கு வருகை, அது பதினான்கரை மணி நேரம். ஒரே தொலைவுக்கு இவ்வளவு வேறுபாடு எப்படி வருகிறது? நேர மண்டல வேறுபாடு ஐந்தரை மணி நேரம் என்பது தெரியும். ஆனால் அதைக் கூட்டியும் கழித்தும் பார்த்தால் போவதற்குப் பதினொரு மணி நேரமும், வருவதற்கு ஒன்பது மணி நேரமும் வருகின்றன. இது சரியா? இரண்டு மணி நேர வேறுபாடு உண்மையிலேயே இருக்குமா? அம்மாவின் மருந்து சம்பந்தப்பட்டது என்பதால் உறுதியாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பதில் 1: நிலவரைவு ஆசிரியர்

சகோதரி அவர்களுக்கு வணக்கம். தொலைவைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். நேரத்தைப் பற்றி அத்துறையில் பணியாற்றியவர்கள் எழுதுவார்கள் என நம்புகிறேன்.

நீங்கள் பார்த்த மூன்று எண்களும் ஒரே தொலைவுதான். 8,230 என்பது கிலோமீட்டர், 5,114 என்பது சாதாரண மைல், 4,444 என்பது விமானிகளும் மாலுமிகளும் பயன்படுத்தும் கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். எந்த அலகு என்று எழுதாமல் எண்ணை மட்டும் காட்டும் தளங்களால் பலருக்கும் இந்தக் குழப்பம் நேர்கிறது.

இந்த 8,230 கி.மீ. என்பது உருண்டையான பூமியின் மேற்பரப்பில் சென்னைக்கும் லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் இடையே இழுக்கக்கூடிய மிகக் குறுகிய கோட்டின் நீளம். இதைப் பெருவட்டப் பாதை என்பார்கள். வகுப்பறைச் சுவரில் தொங்கும் தட்டையான வரைபடத்தில் அளவுகோலை வைத்து இரண்டு ஊர்களையும் இணைத்தால் கிடைக்கும் பாதை பார்ப்பதற்கு நேராக இருந்தாலும், திசைகாட்டியை ஒரே கோணத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கோட்டின் வழியே உண்மையில் பறந்தால் சுமார் 8,480 கி.மீ. பறக்க வேண்டியிருக்கும். உலக உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் வடக்கு நோக்கி வளைந்து செல்வது தெரியும். என் மாணவர்களை இதைச் செய்யச் சொல்லும்போது, பாதி வழி எந்த ஊருக்கு அருகே வருகிறது என்று முதலில் ஊகிக்கச் சொல்வேன். பெரும்பாலோர் துருக்கி என்பார்கள். உண்மையில் அது அஜர்பைஜானின் தலைநகரான பாக்குவுக்குத் தென்கிழக்கே, காஸ்பியன் கடலின் மேல் வருகிறது.

அந்த நூலின் கீழே வரும் நாடுகளைக் கவனித்தால்தான் விஷயம் விளங்கும். தெலங்கானா, மகாராஷ்டிரம், குஜராத் எனச் சென்று, பாகிஸ்தானின் தென்பகுதி, கிழக்கு ஈரான், காஸ்பியன் கடல், ரஷ்யாவின் காக்கசஸ் பகுதி, உக்ரைன், போலந்து, ஜெர்மனி வழியாக அது லண்டனை அடைகிறது. 2014 ஜூலை 17 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் சென்றுகொண்டிருந்த மலேசிய விமானம் கிழக்கு உக்ரைனின் மேல் சுட்டுவீழ்த்தப்பட்டு, அதிலிருந்த 298 பேரும் உயிரிழந்தார்கள். 2022 பிப்ரவரி 24 அன்று போர் தொடங்கியதும் உக்ரைனின் வான்வெளி முழுவதும் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. அடுத்த சில நாட்களில் பிரிட்டனும் ரஷ்யாவும் ஒன்றன் விமானங்களை மற்றொன்று தடை செய்தன. பாகிஸ்தான் 2019-ல் பிப்ரவரி இறுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை தன் வான்வெளியின் பெரும்பகுதியை மூடி வைத்திருந்தது. 2025 ஏப்ரல் 24 அன்று இந்திய நிறுவனங்களின் விமானங்களுக்கு மட்டும் மீண்டும் மூடியது. ஆகவே 8,230 கி.மீ. என்பது கணக்கில் இருக்கும் தொலைவு. அந்தக் கோட்டை அப்படியே பின்பற்றி இன்று எந்தப் பயணிகள் விமானமும் பறப்பதில்லை.

ஆனாலும் அஞ்ச வேண்டியதில்லை. சென்னையின் அமைவிடம் இதில் நமக்குச் சாதகமானது. சென்னையிலிருந்து மஸ்கட், அங்கிருந்து இஸ்தான்புல், அங்கிருந்து லண்டன் என்று வளைத்துக் கணக்கிட்டாலும் சுமார் 8,470 கி.மீ.தான் வருகிறது, அதாவது 240 கி.மீ. கூடுதல். டெல்லிக்கும் லண்டனுக்கும் நேர்த் தொலைவு சுமார் 6,700 கி.மீ. என்றாலும், பாகிஸ்தானைத் தவிர்க்க வேண்டுமானால் அங்கிருந்து கிளம்பும் விமானம் முதலில் தென்மேற்கே குஜராத் வரை இறங்கி வந்து, பிறகு அரபிக் கடலைக் கடந்து மேற்கே திரும்ப வேண்டும். நாம் ஏற்கெனவே தெற்கே இருப்பதால் அந்தச் சுற்று நமக்கு மிகக் குறைவு.

பதில் 2: செங்கை வாசகன்

இவ்வளவு விளக்கம் தேவையா என்று தெரியவில்லை. விமானம் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறக்கிறது. 8,230-ஐ 900-ஆல் வகுத்தால் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக வருகிறது. பயணச்சீட்டில் பதினொரு மணி நேரம் என்று போடுவதற்குக் காரணம், தாமதம் என்ற பெயர் வராமல் இருப்பதற்காக நிறுவனங்கள் முன்கூட்டியே நேரத்தைக் கூட்டி எழுதிக்கொள்வதுதான். எனவே இரண்டு பக்கமும் ஒன்பதரை மணி நேரம் என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

பதில் 3: ஓய்வுபெற்ற பறப்புத் திட்ட அலுவலர்

சகோதரி, தயவுசெய்து ஒன்பதரை மணி நேரம் என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டாம். விமானங்களுக்கு அன்றாடப் பாதையும் எரிபொருள் அளவும் வகுத்துக்கொடுக்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நண்பர் செங்கை வாசகன் கூறுவதில் ஒரு பகுதி உண்மை: கால அட்டவணையில் சிறிது கூடுதல் நேரம் சேர்ப்பது வழக்கம்தான். ஆனால் ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் கணிசமான பகுதி காற்றினால் வருவது. அதை யாரும் எழுதிச் சேர்க்கவில்லை.

இந்த வழித்தடங்களில் பறக்கும் போயிங் 787 போன்ற விமானம் ஒலியின் வேகத்தில் 85 விழுக்காடு வேகத்தில் செல்லும். பத்துப் பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் நிலவும் கடுங்குளிரில் அது மணிக்கு ஏறக்குறைய 900 கி.மீ. ஆகிறது. ஆனால் அது சுற்றியிருக்கும் காற்றை ஒப்பிட்ட வேகம். அந்தக் காற்றே நகர்ந்துகொண்டிருந்தால் தரையை ஒப்பிட்ட வேகம் மாறிவிடும். குளிர்காலத்தில் வட இந்தியா, பாகிஸ்தான், ஈரான், மேற்காசியா ஆகியவற்றின் மேல், விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஜெட் காற்று வீசுகிறது. அதன் நடுப்பகுதியில் மணிக்கு 150, 200 கி.மீ. வேகம் என்பது வியப்பில்லை. வழி முழுவதும் அந்த வேகம் இருக்காது. ஆகவே சராசரியாக மணிக்கு 60 கி.மீ. என்று வைத்துக்கொண்டு, வளைவுகளைச் சேர்த்து 8,500 கி.மீ. பறப்பதாகக் கணக்கிட்டுப் பாருங்கள். லண்டன் போகும்போது 840 கி.மீ. வேகத்தில் பத்து மணி ஏழு நிமிடம் ஆகிறது. சென்னை திரும்பும்போது 960 கி.மீ. வேகத்தில் எட்டு மணி ஐம்பத்தொரு நிமிடம் ஆகிறது. காற்று ஒன்றினால் மட்டும் ஒன்றே கால் மணி நேர வேறுபாடு வந்துவிட்டது.

இதற்கு மேல், பயணச்சீட்டில் இருக்கும் நேரம் வானில் இருக்கும் நேரம் மட்டுமன்று. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரும் கணத்திலிருந்து, போய்ச் சேர்ந்து நிறுத்துமிடத்தில் நிற்கும் கணம் வரையிலான நேரம் அது. நாங்கள் பிளாக் டைம் என்போம். ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வது, மேலேறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவாக இருப்பது எல்லாம் அதில் அடங்கும். ஹீத்ரோவில் இரண்டே ஓடுபாதைகள். உலகில் மிகவும் நெரிசலான விமான நிலையங்களில் ஒன்று. அங்கே இறங்க வரும் விமானங்களைப் போவிங்டன், லாம்போர்ன், ஒக்கம், பிகின் ஹில் என்னும் நான்கு இடங்களின் மேல் வட்டமிட்டுக் காத்திருக்கச் செய்வது அன்றாட நடைமுறை. அந்தக் காத்திருப்பை எதிர்பார்த்தே அட்டவணை எழுதப்படுகிறது. பத்து மணி ஏழு நிமிடத்துடன் இவற்றைச் சேர்த்தால் பதினொரு மணி நேரம் நியாயமான கணக்கே என்பது உங்களுக்கே தெரியும்.

இப்போது உங்கள் கணக்கில் ஒரு சிறு திருத்தம். போகும் பயணத்துக்கு நீங்கள் சொன்ன பதினொரு மணி நேரம் சரி. திரும்பும் பயணத்துக்கு ஒன்பது அல்ல, பத்து மணி நேரம். பிரிட்டனில் மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அக்டோபரின் கடைசி ஞாயிற்றுக்கிழமை வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்துக்கொள்கிறார்கள். அம்மா போகும் பிப்ரவரியில் நமக்கும் அவர்களுக்கும் ஐந்தரை மணி நேர வேறுபாடு. திரும்பும் ஏப்ரலில் அது நாலரை மணி நேரம்தான். பதினான்கரையிலிருந்து நாலரையைக் கழித்தால் பத்து. எனவே போக 11, வர 10 என்று மருத்துவரிடம் எழுதிக்கொடுங்கள். இரண்டிலும் அரை மணி நேரம் முன்னே பின்னே ஆகலாம் என்றும் குறிப்பிடுங்கள். பாதை ஒவ்வொரு நாளும் அன்றைய காற்றையும், எந்த நாட்டு வான்வெளி திறந்திருக்கிறது என்பதையும் பார்த்துத்தான் முடிவாகிறது. மேற்காசியாவில் பதற்றம் கூடும் நாட்களில் திடீரென்று பாதை மாறி நேரம் நீளவும் கூடும். பயணத்துக்கு முந்தைய நாள் ஒருமுறை நேரத்தைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

பதில் 4: இரவுப்பணிச் செவிலி

அன்புச் சகோதரி, மருந்தின் அளவையோ நேரத்தையோ மாற்றுவதை உங்கள் மருத்துவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். அவரிடம் என்ன எழுதிக்கொண்டு போக வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

அம்மாவின் கடிகாரத்தைப் பயணம் முழுவதும் இந்திய நேரத்திலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். காலை 5.30-க்குக் கிளம்பினால் இந்திய நேரப்படி மாலை 4.30-க்கு லண்டனில் இறங்குகிறார். அவர் வழக்கமாக இன்சுலின் போட்டுக்கொள்ளும் இரவு பத்து மணி, பிப்ரவரி மாத லண்டனில் மாலை 4.30 ஆக இருக்கும். அதை விட்டுவிட்டு லண்டன் கடிகாரப்படி இரவு பத்து மணிக்குப் போட்டால், முந்தைய ஊசிக்கும் அதற்கும் இடையே இருபத்தொன்பதரை மணி நேரம் ஓடிவிடும். மருத்துவர் கேட்க விரும்புவது இதைத்தான். அங்கு இருக்கும் வாரங்களில் மாலையில் போடுவதா, சிறிது சிறிதாக நகர்த்தி இரவுக்குக் கொண்டுவருவதா என்று அவர் சொல்லுவார். திரும்பும் பயணத்தில் நேர்மாறாக இடைவெளி குறையும். அதையும் தனியே கேட்டு எழுதி வாங்குங்கள்.

உணவுக்கு முன் போடும் மாத்திரையை விமானத்தில் கடிகாரம் பார்த்துப் போடக்கூடாது. உணவு வண்டி தம் வரிசைக்கு அருகே வந்த பிறகு எடுத்துக்கொள்வதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். விமானம் குலுங்கினால் பரிமாறுவதை நிறுத்திவிடுவார்கள், மாத்திரை போட்டுவிட்டு உணவில்லாமல் உட்கார்ந்திருந்தால் சர்க்கரை இறங்கிவிடும். கைப்பையில் பிஸ்கட்டும் குளுக்கோஸும் இருக்கட்டும். இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்குப் பகுதியில் போகும் பெட்டியில் வைத்தால் குளிரில் உறைந்து பயனற்றுப் போகக்கூடும். மருத்துவரின் கடிதமும் மருந்துச் சீட்டும் கையிலேயே இருக்க வேண்டும். பதினொரு மணி நேரம் ஒரே இருக்கையில் அமர்ந்தால் கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறையும் வாய்ப்பு உண்டு என்பதால், அவ்வப்போது எழுந்து நடக்கவும் தண்ணீர் குடிக்கவும் சொல்லுங்கள். நடைபாதை ஓர இருக்கை கிடைத்தால் யாரையும் எழுப்பாமல் எழுந்து செல்லலாம். வயதானவர்கள் பக்கத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று எண்ணி எழாமலேயே இருந்துவிடுகிறார்கள்.

பதில் 5: ஈஸ்ட் ஹாம் வாசி

சகோதரி, நீங்கள் நேரடி விமானத்தைத் தேர்ந்தெடுத்தது மிகச் சரியான முடிவு. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: துபாய் வழியாகச் சென்றால் சென்னை–துபாய் சுமார் 2,930, துபாய்–லண்டன் சுமார் 5,500, ஆக மொத்தம் 8,430 கி.மீ. நேர்த் தொலைவைவிட 200 கி.மீ.தான் கூடுதல். தொலைவைப் பார்த்து இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிடக்கூடாது. இரண்டு முறை ஏறி இறங்குவதும், நடுவில் காத்திருப்பதும், பெரிய விமான நிலையத்தில் நடந்து அடுத்த வாயிலைத் தேடுவதும் தனியாக வரும் மூத்தவர்களைக் களைத்துப்போகச் செய்கின்றன. கொழும்பு வழியாக என்றால் தொலைவே சுமார் 9,360 கி.மீ. ஆகிவிடும்.

மருத்துவரிடம் சொல்லும் கணக்கில் விமான நேரத்தை மட்டும் எழுதாதீர்கள். 5.30 மணி விமானத்துக்கு நள்ளிரவு தாண்டி 2.30-க்குள் திரிசூலம் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். உங்கள் பெயரில் கெடிலம் ஆறு இருப்பதைப் பார்த்தால் கடலூர்ப் பக்கம் என்று தோன்றுகிறது. அப்படியானால் திண்டிவனம், செங்கல்பட்டு வழியாக வர நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். ஆக முந்தைய இரவு பத்து மணி, அதாவது இன்சுலின் போடும் நேரம், வீட்டை விட்டுக் கிளம்பும் நேரமாகவோ வழியில் இருக்கும் நேரமாகவோ அமைந்துவிடுகிறது. இங்கே இறங்கிய பின் குடிவரவுச் சோதனை, பெட்டி எடுப்பது, பிறகு லண்டனின் மேற்கு ஓரத்திலிருந்து கிழக்குப் பகுதிக்கு வருவது என மூன்று மணி நேரம் போய்விடும். வீட்டிலிருந்து வீடு வரை ஏறத்தாழ இருபத்தொரு மணி நேரம் என்று எழுதுங்கள். சக்கர நாற்காலி உதவியைக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்திடம் பதிவு செய்துவிடுங்கள். நடக்க முடிந்தவர்களாக இருந்தாலும் ஹீத்ரோவின் நீண்ட நடைபாதைகளில் அது பேருதவி.

கேள்வியாளர்: கெடிலக்கரை

அனைவருக்கும் உளமார்ந்த நன்றி. ஏப்ரலில் நேர வேறுபாடு குறைவது எனக்குத் தெரியவே தெரியாது. கடலூரிலிருந்து இரவு எட்டரைக்குக் கிளம்பி, வழியில் திண்டிவனம் தாண்டி ஓரிடத்தில் நிறுத்தி இன்சுலின் போட்டுக்கொள்ளலாம் என்று அம்மாவும் நானும் பேசிக்கொண்டோம். அதையும் மருத்துவரிடம் கேட்கிறேன். இன்னும் ஒரே ஒரு ஐயம். ஏப்ரல் 20 திரும்புகிறார் என்று கார் ஓட்டுநரிடம் சொல்லியிருக்கிறேன். அது சரிதானே?

பதில் 6: ஓய்வுபெற்ற பறப்புத் திட்ட அலுவலர்

சகோதரி, 20 என்பது லண்டனில் ஏறும் தேதி. சென்னையில் இறங்குவது 21-ஆம் தேதி அதிகாலை 3.30. பின்காற்று பலமாக இருந்தால் மூன்று மணிக்கே இறங்கிவிடவும் கூடும். பெட்டி எடுத்து வெளியே வர ஒரு மணி நேரம் பிடிக்கும் என்பதால், ஓட்டுநர் 21-ஆம் தேதி அதிகாலை மூன்றரைக்குள் விமான நிலையத்தில் இருந்தால் போதும். ஆனால் அதற்கு அவர் கடலூரிலிருந்து 20-ஆம் தேதி இரவு பதினொன்றரைக்கு முன் கிளம்ப வேண்டும். 21 என்று மட்டும் சொன்னால் அன்று இரவு என்று எடுத்துக்கொள்வார். ஆகவே "20-ஆம் தேதி இரவு கிளம்பி, 21-ஆம் தேதி விடிவதற்கு முன் அழைத்து வர வேண்டும்" என்று இரண்டு தேதிகளையும் சேர்த்தே சொல்லி, விமான எண்ணையும் அவருக்கு அனுப்பி வையுங்கள்.